ஹார்ன் முனை வழியாக 32 நாள்: ஒரு நெடுங்கப்பல் பயணத்தின் மதிப்பீடு

ஜனவரி நடுவில் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் கப்பலேறி, பனாமா கால்வாயைக் கடந்து, தென் அமெரிக்காவின் மேற்குக் கரை நெடுகத் தெற்கே இறங்கி, கண்டத்தின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றிக்கொண்டு, பிப்ரவரி நடுவில் பியூனஸ் அயர்ஸில் கரையேறினோம். மொத்தம் 32 நாள். அட்டவணையில் 12 துறைமுகங்கள் இருந்தன. அவற்றுள் 11-இல் கால் பதித்தோம். கப்பல் சுமார் 1,400 பயணிகளை ஏற்றிச் செல்லும் நடுத்தர அளவுடையது. நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை, இதே அளவுள்ள எந்தக் கப்பலில் இதே வழியில் சென்றாலும் எதிர்ப்படக்கூடியவைதாம். இவ்வளவு நீண்ட பயணத்தை விளம்பரத் தாளிலுள்ள துறைமுகப் பெயர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதே என் முதல் கருத்து. கடலிலேயே கழியும் நாள்கள் எப்படி இருக்கும், ஒவ்வொரு துறைமுகத்திலும் உண்மையில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்ற இரண்டையும் விசாரித்தே முடிவெடுக்க வேண்டும். எங்கள் கப்பல் முதலாவதில் மிக நன்றாகத் தேறியது. இரண்டாவதில் பாதி மதிப்பெண்தான் கொடுக்க முடியும்.

நாங்கள் எடுத்தது கப்பலின் நீளவாக்கில் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றில் அமைந்த, திறக்க முடியாத சன்னலுள்ள அறை. பால்கனி இல்லையே என்ற குறை முதல் வாரம் இருந்தது. தெற்கே போகப் போக அது மறைந்தது. ஏனெனில் அலைகளின் மேல் கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது முனைகளிலும் மேல்தளங்களிலும் இருப்பவர்கள் படும் பாடு நடுவில் கீழே இருப்பவர்களுக்கு இல்லை. அறை சிறியது, ஆனால் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டால், 32 நாளுக்கான துணிகளையும் அடுக்கிவைக்க அலமாரி போதுமானதாக இருந்தது. நாடு மாறும்போதெல்லாம் மூட்டை கட்டி அவிழ்க்க வேண்டியதில்லை என்பது இவ்வகைப் பயணத்தின் பெரிய வசதி. மின்செருகிகள் போதவில்லை. பயணிகளே துவைத்துக்கொள்ளும் சலவை அறை ஒன்று எங்கள் தளத்தில் இருந்தது. கடல்நாள் காலைகளில் அங்கே வரிசை நீளும், துறைமுக நாளின் பிற்பகலில் போனால் இயந்திரங்கள் எல்லாம் காலியாக இருக்கும். இதைக் கற்றுக்கொள்ள எங்களுக்குப் பத்து நாள் ஆனது.

முதல் நாள் மாலை, கயிறு அவிழ்க்கும் முன்பே பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. அதை வெறும் சடங்காக எண்ணி முணுமுணுத்தவர்கள் பலர். 2012-இல் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் இத்தாலியக் கரையருகே பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. பயிற்சியைக் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்ற பன்னாட்டு விதி அதன் பிறகு வந்ததுதான். எங்கள் கப்பலின் பணியாளர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கணக்கெடுத்து, வராதவர்களை அறைக்கே போய் அழைத்துவந்தார்கள். அந்தக் கண்டிப்பு எனக்கு நம்பிக்கை தந்தது.

கடல்நாளின் ஒழுங்கு இரண்டே நாளில் உடம்பில் ஊறிவிடுகிறது. மறுநாளின் நிகழ்ச்சி நிரல் அச்சடித்த தாளாக முன்னிரவே அறைக்கு வந்துவிடும். விடியற்காலையில் கப்பலைச் சுற்றி ஓடும் நடைதளத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நடந்துகொண்டிருப்பார்கள். ஒரு வாரத்திற்குள் அவர்கள் எல்லாரும் அறிமுகமாகிவிடுவார்கள். காலையில் ஓர் உரை, பிற்பகலில் ஓர் உரை. இடையில் நூலகம், சீட்டாட்டம், நடன வகுப்பு. நண்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் வந்து கப்பலின் நிலை, காற்றின் வேகம், கீழேயுள்ள கடலின் ஆழம் ஆகியவற்றைச் சொல்வார். அந்த எண்களை அன்றாடம் குறித்து வைத்தேன். பெருவின் கரைக்கு அப்பால் ஒருநாள் ஆழம் ஐந்தாயிரம் மீட்டருக்கும் மேல் என்று கேட்டபோது, கிண்ணத்திலிருந்த சூப் சிறிதும் தளும்பாமல் நான் அமர்ந்திருந்த நிலையை எண்ணி வியந்தேன். கப்பலின் இரு பக்கங்களிலும் நீருக்கடியில் நீளும் சமநிலைச் சிறகுகள் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு தணித்துவிடுகின்றன.

இந்தக் கப்பலின் சிறப்பு அதன் உரைகள். வந்திருந்த இருவரில் ஒருவர் கடல்சார் வரலாறும் மற்றவர் பறவையியலும் அறிந்தவர்கள். இருவரும் அடுத்து வரும் இடத்தைப் பற்றியே பேசினார்கள். எந்தத் துறைமுகத்தில் எந்தக் கடையில் நகை வாங்கலாம் என்று சொல்லும் விற்பனைப் பேச்சைத் துறைமுக விளக்கம் என்ற பெயரில் நடத்தும் கப்பல்களும் உண்டு. இங்கே அப்படிப்பட்ட பேச்சு தனியாகவும், உரைகள் தனியாகவும் இருந்தன.

கரையில் கால் வைக்காத ஒரு நாள்தான் என் கணக்கில் பயணத்தின் மிகச் சிறந்த நாள்: ஐந்தாம் நாளான பனாமா கால்வாய் நாள். விடியும் முன்பே கால்வாயின் வழிகாட்டி மாலுமிகள் ஏறிவிட்டார்கள். மற்ற துறைமுகங்களில் இவர்கள் கேப்டனுக்கு ஆலோசனை மட்டுமே சொல்வார்கள், இங்கே கப்பலை இயக்கும் பொறுப்பையே ஏற்கிறார்கள். கப்பலைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் நீரறைகளான நீர்ப்பூட்டுகளில் முதலாவதான காத்தூன் நீர்ப்பூட்டின் வாயிலில் இரண்டு பேர் சிறு துடுப்புப் படகில் வந்து முதல் கயிற்றை வாங்கிக்கொண்டு போனார்கள். இவ்வளவு பெரிய ஏற்பாட்டின் தொடக்கத்தில் இன்றும் ஒரு துடுப்புப் படகு இருப்பதைக் காண்பதற்காகவே சீக்கிரம் எழலாம். பழைய நீர்ப்பூட்டுகளின் அகலம் 33.5 மீட்டர், எங்கள் கப்பலின் அகலம் 32 மீட்டருக்குச் சற்று மேல். பக்கத்துக்கு அரை மீட்டருக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில், ‘கோவேறு கழுதைகள்’ என்று அழைக்கப்படும் மின் இழுவை எந்திரங்கள் இருபுறமும் தண்டவாளத்தில் ஏறிவந்து கப்பலை நடுவில் நிறுத்தின. மூன்று அறைகள் அடுத்தடுத்து நிரம்பி எங்களை 26 மீட்டர் உயர்த்திக் காத்தூன் ஏரியில் விட்டன. நீரேற்றும் பம்பு எதுவும் இல்லை. ஏரியின் நீர் தன் எடையாலேயே கீழிறங்கி அறைகளை நிரப்புகிறது. அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகிறோம் என்றால் மேற்கே போகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். பனாமா நிலப்பகுதி வளைந்து கிடப்பதால் கப்பல் தென்கிழக்கே போகிறது, பசிபிக் வாயில் அட்லாண்டிக் வாயிலுக்குக் கிழக்கே இருக்கிறது.

இந்த நாளைக் கப்பல் நடத்திய முறைக்கு முழு மதிப்பெண் தருகிறேன். வழக்கமாகப் பூட்டியிருக்கும் முன்முனைத் தளத்தைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். வரலாற்று உரையாளர் மேல்தளத்திலிருந்து விளக்கம் அளித்தார். வேண்டிய இடத்தில் பேசி, மற்ற நேரத்தில் அமைதியாக இருக்க அவருக்குத் தெரிந்திருந்தது. 1904 முதல் 1914 வரை நடந்த அமெரிக்கக் கட்டுமானத்தில் மட்டும் 5,609 பேர் இறந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன என்பதைக் குலேப்ரா கணவாயின் செம்மண் சரிவுகளுக்கு நடுவே செல்லும்போது சொன்னார். 1928-இல் அமெரிக்கப் பயண எழுத்தாளர் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் இந்தக் கால்வாயை நீந்திக் கடந்தபோது அவருடைய எடையைக் கணக்கிட்டு 36 சென்ட் கட்டணம் வாங்கினார்களாம். பெத்ரோ மிகேல் நீர்ப்பூட்டில் ஒரு படியும் மிராஃப்ளோரெஸ் நீர்ப்பூட்டில் இரு படிகளும் இறங்கி, மாலையில் அமெரிக்கப் பாலத்தின் கீழே பசிபிக்கில் நுழைந்தோம்.

நிலநடுக்கோட்டைக் கடந்ததற்குக் கடலரசன் வேடமிட்ட ஒருவர் வந்து, முதல்முறை கடப்பவர்களை மீனுக்கு முத்தமிட வைத்தார். குழந்தைகளைப்போல் எல்லாரும் மகிழ்ந்தார்கள். அதைவிட எனக்கு வியப்பளித்தது அடுத்த நாள்களின் குளிர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வெப்பம் தகிக்கும் என்று நினைத்து மெல்லிய சட்டைகள் மட்டும் எடுத்து வந்தவர்கள், ஹம்போல்ட் நீரோட்டம் தெற்கிலிருந்து கொண்டுவரும் குளிர்ந்த நீரால் பெருவின் கரையில் மூடுபனியையும் மெல்லிய குளிர்காற்றையும் கண்டார்கள். இந்தப் பயணத்திற்குக் கரீபியன் வெயிலுக்கும் தெற்குமுனைக் காற்றுக்கும் சேர்த்தே துணி எடுக்க வேண்டும். நிறுவனம் அனுப்பிய குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பரிமாறும் கூடத்தில் இரவு உணவு தரமாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் பட்டியல் திரும்பத் தொடங்கியது. முதல் சில நாள்கள் பஃபேயில் கரண்டியைப் பயணிகள் தொடக் கூடாது என்று பணியாளர்களே பரிமாறினார்கள். வயிற்றுப்போக்கு நோய் பரவாமல் தடுக்கும் இந்த முன்னெச்சரிக்கையை நான் வரவேற்கிறேன். நோரோ வைரஸுக்குக் கைச் சுத்திகரிப்பான் திரவம் போதாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும் என்பதைக் கூடத்தின் வாயிலில் எழுதிவைத்துக் கைகழுவும் தொட்டிகளையும் அங்கேயே அமைத்திருந்தார்கள்.

இனிக் கரைக்கு வருகிறேன். விளம்பரத்தில் ‘லிமா’ என்றும் ‘சாந்தியாகோ’ என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். லிமா என்றால் கப்பல் நிற்பது கய்யாவ் சரக்குத் துறைமுகத்தில். கொள்கலன்கள் நகரும் பகுதி என்பதால் நடந்து வெளியேற அனுமதி இல்லை, கப்பலின் பேருந்தில்தான் வாயிலுக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு நாள் நின்றதால் குறை தெரியவில்லை. லிமாவின் மிராஃப்ளோரெஸ் பகுதியில் அடுக்குமாடிகளுக்கு நடுவே நிற்கும் வாகா புக்யானா என்ற மண்செங்கல் பிரமிடையும், மறுநாள் லார்கோ அருங்காட்சியகத்தின் பழம்பானைகளையும் அவசரமின்றிப் பார்த்தோம். ஆனால் ‘சாந்தியாகோ’ என்பது சான் அந்தோனியோ துறைமுகம். சிலியின் தலைநகரான சாந்தியாகோ அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்ததோ பத்து மணி நேரம். சாலையில் செல்லும் நேரத்தைக் கழித்தால், நகரத்தில் செலவிட நான்கு மணிதான் மிஞ்சியது. நாங்கள் தலைநகரை விட்டுவிட்டு வால்பரைசோவுக்குப் போனோம். தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லையென்றாலும், குன்றின்மேல் சாய்வாக ஏறும் பழைய தூக்குவண்டிகளும் வண்ணம் பூசிய தகர வீடுகளும் நிறைந்த அந்தச் சிறு வட்டாரத்தை நான்கு மணியில் நடந்தே பார்க்க முடிந்தது.

கப்பலே ஏற்பாடு செய்யும் கரைச் சுற்றுலாவா, நாமே போவதா என்ற கேள்வி ஒவ்வொரு துறைமுகத்திலும் எழும். கப்பலின் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. இந்த ஒரு வாக்குறுதிக்காகவே விலை கூடுதலாக இருக்கிறது. தொலைவான இடங்களுக்கு அந்த விலை தகும் என்பது என் அனுபவம். அர்ஜென்டினாவின் புவெர்த்தோ மாத்ரினிலிருந்து புந்தா தோம்போவின் மெகல்லன் பென்குவின்களைப் பார்க்க ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் போக வேண்டும். அங்கே கப்பலின் பேருந்தில் போனது சரியான முடிவு. சிலியின் புவெர்த்தோ மோந்தில் நேர்மாறாக நடந்தது. பெத்ரோவே அருவியையும் ஓசோர்னோ எரிமலையையும் காட்டும் கப்பல் சுற்றுலாவில் 44 பேரோடு போனோம். அருவியில் கிடைத்த நேரம் 30 நிமிடம், நடுவில் நினைவுப்பொருள் கடையில் நின்ற நேரம் 45 நிமிடம். அதே நாளில், நிலையத்தில் சிற்றுந்து ஏறித் தாமாகவே ஏரிக்கரை ஊரான புவெர்த்தோ வராசுக்குப் போய்வந்த எங்கள் மேசை நண்பர்கள், தெளிந்த வானில் எரிமலையை ஏரிக்கு எதிரே வைத்து மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். கடையில் நிற்கும் நேரத்தைச் சுற்றுலாக் குறிப்பில் முன்கூட்டியே அச்சிட வேண்டும் என்று கப்பலின் சுற்றுலா மேசையில் எழுத்தில் கொடுத்தேன்.

துறைமுக மேடையில் கப்பல் கட்டப்படுமா, அல்லது நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்குவார்களா என்பதையும் பயணிகள் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது வகையில், கப்பலின் உயிர்காப்புப் படகுகளில் சிலவே டெண்டர் படகுகளாகப் பணி செய்யும். முதலில் கப்பல் சுற்றுலாக்காரர்கள், பிறகு வரிசை எண் பெற்றவர்கள் என்று இறங்க வேண்டும். எட்டு மணி நேர நிறுத்தம் இதனால் ஆறரை மணியாகச் சுருங்கும். திரும்பி ஏற வேண்டிய நேரமும் புறப்படும் நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே இருக்கும்.

இதற்கு நேரெதிரான இன்பம் அர்ஜென்டினாவின் தென்கோடி ஊரான உசுவாயா. கப்பலின் படியிறங்கினால் மேடை, மேடை முடிந்தால் ஊர். பீகிள் கால்வாய் என்னும் இயற்கையான கடலிடுக்கின் கரையில் பனிமலைகள் முதுகில் நிற்க, 1947 வரை சிறைச்சாலையாக இருந்து இன்று அருங்காட்சியகமாகிய கட்டடத்தில் காலை முழுவதும் இருந்தோம். சில அறைகளைப் பூச்சு உதிர்ந்த நிலையிலேயே, சூடேற்றாமல் விட்டுவைத்திருக்கிறார்கள். கைதிகள் அனுபவித்த குளிரை அங்கே நின்றால்தான் உணர முடியும். அதற்கு முன்னாள் மாலை கப்பல் பீகிள் கால்வாயின் பனியாற்று வரிசையைக் கடந்தது. ரொமாஞ்ச், அலெமானியா, பிரான்சியா, இத்தாலியா, ஒலாந்தா என்று ஒன்றன்பின் ஒன்றாக நீலப்பனி மலையிடுக்கில் தொங்குவதைத் தளத்தில் போர்வை சுற்றிக்கொண்டு பார்த்தோம். கேப்டன் வேகத்தைக் குறைத்தார். பணியாளர்கள் தட்டுகளில் சூடான பானம் கொண்டுவந்தார்கள். கடல்நாளைப் பேணும் திறமை என்று நான் மேலே பாராட்டியது இதைத்தான்.

ஹார்ன் முனையை உசுவாயாவை விட்ட மறுநாள் காலையில் அடைந்தோம். 1616-இல் வில்லெம் ஸ்கௌட்டனும் யாக்கப் லெ மேரும் இதைக் கடந்து, ஸ்கௌட்டனின் நெதர்லாந்து ஊரான ஹோர்னின் பெயரை இட்டார்கள். 1914-இல் பனாமா கால்வாய் திறக்கும் வரை இரு பெருங்கடல்களுக்கும் இடையே சென்ற பாய்மரக் கப்பல்கள் பெரும்பாலும் இந்தக் கறுத்த பாறையைச் சுற்றியே போக வேண்டியிருந்தது. கால்வாயில் எங்கள் கப்பல் ஒரு பகலில் அமைதியாகக் கடந்துவிட்ட அந்தக் குறுக்குவழி எதைத் தவிர்ப்பதற்காக வெட்டப்பட்டது என்பதை, மணிக்கு 40 கடல்மைல் வேகக் காற்றில் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றபோது உணர்ந்தேன். ஒரே பயணத்தில் இரண்டையும் சேர்த்திருப்பது இந்த வழித்தடத்தின் மிகச் சிறந்த ஏற்பாடு. தீவின்மேல், இங்கே மாண்ட மாலுமிகளுக்காக 1992-இல் எழுப்பிய அல்பட்ரோஸ் பறவை வடிவச் சின்னமும், சிலி கடற்படைக் குடும்பம் வசிக்கும் கலங்கரை விளக்கமும் தெரிந்தன. இரு பக்கத்து அறைகளிலிருந்தும் பார்க்கும்படி கேப்டன் கப்பலை மெல்ல ஒருமுறை திருப்பினார்.

பெரிய ஏமாற்றம் ஃபாக்லாந்து தீவுகள். ஸ்டான்லி ஊரின் உள்துறைமுகத்துக்குள் இந்த அளவுக் கப்பல் போக முடியாது. வெளியே போர்ட் வில்லியமில் நங்கூரமிட்டு, குறுகிய வாய் வழியாகப் படகில் செல்ல வேண்டும். காலை ஆறரை மணிக்குக் கேப்டன், படகுமேடையில் அலை ஏறி இறங்குவதால் ஒருவரையும் இறக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அந்த முடிவை நான் குறைசொல்லவில்லை. முதியவர்கள் நிறைந்த கப்பலில் ஒரு கால் தவறினாலும் எலும்பு முறியும். வாலண்டியர் பாயிண்டின் அரச பென்குவின்களுக்காகப் பல மாதம் முன்பே உள்ளூர் ஓட்டுநரிடம் சொல்லிவைத்திருந்தவர்கள் அழுததைப் பார்த்தேன். நிறுவனம் திருப்பிக் கொடுத்தது துறைமுகக் கட்டணத்தை மட்டும். விதிமுறையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஸ்டான்லி படகில் இறங்க வேண்டிய இடம், காற்றினால் நிறுத்தம் கைவிடப்படுவது அங்கே அபூர்வமல்ல என்ற செய்தியை விற்கும்போதே சொல்வது நேர்மை. கைவிடப்பட்ட பகலில் வரலாற்று உரையாளர் இந்தத் தீவுகளுக்காகப் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் நடத்திய 1982 போரைப் பற்றி முன்னறிவிப்பின்றி ஓர் உரை நிகழ்த்தினார். அரங்கு நிரம்பி வழிந்தது.

உருகுவேயின் தலைநகரான மொந்தெவிதேயோவில் துறைமுக வாயிலைத் தாண்டினாலே பழைய நகரம் தொடங்கிவிடுகிறது. 1939 டிசம்பரில் இங்குள்ள லா பிளாட்டா ஆற்றுமுகத்தில் தன் மாலுமிகளாலேயே மூழ்கடிக்கப்பட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல் கிராஃப் ஸ்பேயின் நங்கூரம் துறைமுகத்தருகே வைக்கப்பட்டிருக்கிறது. யாருடைய சுற்றுலாவும் தேவைப்படாத அருமையான நாள்.

எங்கள் அறையைப் பேணியவர் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் ஆறாவது மாதத்தில் இருந்தார். நாளுக்கு இருமுறை அறையைச் சீர்செய்தார். மூன்றாம் நாளிலிருந்து எங்கள் பெயரும், எந்தப் பக்கத் தலையணை யாருக்கு உயரமாக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. நாள்தோறும் கணக்கில் தானாகச் சேரும் டிப்ஸ் தொகையை நீக்கக் கோரிப் பயணிகள் சேவை மேசையில் நின்ற சிலரைக் கண்டேன். அவர்கள் அதைச் செய்திருக்கக் கூடாது. கப்பலின் மருத்துவரைப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அதுவும் உடனே கணக்கில் ஏறும். எனவே கடலில் மருத்துவமும் ஹெலிகாப்டர் மீட்பும் உள்ளடங்கிய காப்பீடு இல்லாமல் இந்தப் பயணத்திற்குக் கிளம்பக் கூடாது.

கடைசிக் காலை மட்டும் இந்தக் கப்பலுக்குப் பொருந்தாத அவசரத்தில் கழிந்தது. பெட்டிகளை முன்னிரவே வண்ணச் சீட்டு கட்டி வாசலில் வைத்துவிட வேண்டும். எட்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். புதிய பயணிகள் பிற்பகலில் ஏறுவார்கள் என்பதால் இதில் தளர்வு இல்லை. எங்கள் வண்ணத்தை அழைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அமர நாற்காலி போதாமல் ஊன்றுகோல் பிடித்தவர்கள் மாடிப்படியருகே நின்றார்கள். அன்று காலை பூட்டியிருந்த அரங்கத்தைத் திறந்துவிட்டிருந்தால் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கலாம். கருத்துப் படிவத்தில் நான் முதலில் எழுதியது அதுதான்.